திருமானூர் நிம்மதியாக இருந்தது

பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் ஜெயசித்ராவின் வேலை. பெரம்பலூரில் ஒரு செல்போன் கடை மாடியில் ஆபீஸ். சுற்றுவட்டாரத்துக்காரர்கள் வெயிலையும் மழையையும் பற்றி ஃபேஸ்புக்கில் போடுவதையெல்லாம் படித்து, கோபம், பயம், சந்தோஷம் என்று பிரித்துக் கொடுப்பாள். கம்ப்யூட்டர் அதை வாங்கி வரைபடத்தில் நிறமாகப் பூசும். பயந்த ஊருக்குச் சிவப்பு. புலம்பலே இல்லாத ஊருக்குத் தானாகவே பச்சை.

ஐப்பசி மழையில் கொள்ளிடம் கரையை உடைத்த அன்று, வேப்பந்தட்டை செக்கச்செவேலென்று இருந்தது. காயப்போட்ட மக்காச்சோளம் நனைந்துவிட்டதென்று அங்கே ஒரே பொருமல். கொள்ளிடக் கரையிலேயே இருக்கும் திருமானூர்ப் பக்கமோ பச்சைப்பசேல்.

“பாரும்மா, ஆத்தோரத்துக்காரங்க எவ்வளவு தெளிவா இருக்காங்க!” என்றார் மேலாளர் திருமுருகன்.

“அங்க கரண்டு இல்ல சார், டவரும் வேல செய்யல. எங்கண்ணனுக்குப் போனே போவ மாட்டேங்குது.”

“எழுதுனாதாம்மா கணக்கு. எழுதாததுக்கு நாம என்ன பண்றது?”

மறுநாள் லீவு போட்டுவிட்டு அரியலூர் வழியாகப் பஸ் பிடித்துப் போனாள். அண்ணன் கண்ணையன் பள்ளிக்கூட முகாமில், யாரோ கொடுத்த லுங்கியோடு உட்கார்ந்திருந்தான். நெல், கரும்பு, வீடு எல்லாம் தண்ணீருக்குள். மாட்டைக் காணோம்.

“எவன் என்ன எழுதுறான்னு பாக்குறதுதான ஒன் வேல? நாங்க ஒண்ணுமே எழுதலியே, என்னன்னு நெனச்சீங்க பாப்பா?”

நிம்மதியாக இருக்கிறீர்கள் என்று நினைத்தோம் எனச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“பயந்துதான் ஓடியாந்தேண்ணே” என்றாள்.

கரண்ட் வந்ததும் திருமானூர் பேச ஆரம்பித்தது. லைட் எரிகிறது என்று ஒருவர், சோறு போட்டவர்களுக்கு நன்றி என்று பலர். கண்ணையனும் ஒரு படம் போட்டான். இடுப்பளவு தண்ணீரில் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றான். ‘எங்க வூட்டு மகாலச்சுமி கெடச்சிட்டா!’ இதயங்கள் வந்து குவிந்தன.

ஜெயசித்ரா அதைப் ‘பயம்’ என்று குறித்தாள். திருமுருகன் கூப்பிட்டனுப்பினார்.

“ஏம்மா, மனுசன் சிரிக்கிறாரு. இதுல எங்கேருந்து பயம் வந்துச்சு?”

“அவரு எங்கண்ணன் சார். பின்னால தெரியற தண்ணிக்குள்ளதான் அவரு வயலு.”

“பின்னால இருக்கறதயெல்லாம் ஒன்ன யாரு பாக்கச் சொன்னா?” என்றவர், தானே ‘சந்தோஷம்’ என்று மாற்றினார்.

அறிக்கை வெளிவந்தது. மழையை மகிழ்ச்சியோடு எதிர்கொண்ட பகுதிகளில் திருமானூருக்கே முதலிடம். அரியலூரில் கல்யாண மண்டபம் பிடித்து விழா நடத்தினார்கள். அதிகம் பேர் விரும்பிய பதிவைப் போட்டவர் என்று கண்ணையனுக்குச் சால்வை.

“எதுக்கு பாப்பா இது?” என்று மேடையேறுமுன் கேட்டான்.

“வெள்ளம் வந்ததுல நீ ரொம்ப சந்தோசமா இருந்தியாம்ணே.”

அதற்குள் பெயர் சொல்லிக் கூப்பிடவே கண்ணையன் மேடைக்குப் போனான். சால்வையைப் போர்த்தி, மைக்கையும் நீட்டிவிட்டார்கள். கூப்பிட்டு மரியாதை செய்கிறவர்களிடம் வேறென்ன சொல்வது? கைகூப்பி, “ரொம்ப சந்தோசங்க” என்றான்.

பார்த்தாயா என்பதுபோல் திருமுருகன் அவள் பக்கம் திரும்பிக் கைதட்டினார். ஜெயசித்ராவும் தட்டினாள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே.