அப்பாவின் வேலிக்குள்

"மூன்று வாரம். கூடிப்போனால் நான்கு" என்று டாக்டர் ஒச்சோலாவிடம் சொன்னார். பல்வலி என்று சொல்லி இரண்டு மாதமாக அப்பா கூழ் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். அது பல்வலியே இல்லையாம். உணவுக்குழாயில் புற்றுநோயாம், ஈரலுக்கும் பரவிவிட்டதாம். தங்கை அப்போண்டி டாக்டரைத் திட்டினாள், பிறகு அவரிடமே மன்னிப்புக் கேட்டாள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெட்கக்கேடு என்னவென்றால், ஒச்சோலாவுக்கு அழுகைக்கு முன்னால் வந்தது வீட்டு நினைப்பு. நாற்பத்திரண்டு வயதாகியும் அவனுக்கு வேலி போட்ட சொந்த வீட்டு வளவு கிடையாது. கிசுமு நகரத்தில் வேலை, சனிக்கிழமைதோறும் வந்து அப்பாவின் வளவுக்குள் இருக்கும் தன் குடிசையில் தங்குவான். கென்யாவின் லூவோ இனத்தில் ஓர் ஆண் தனி வளவு போட வேண்டுமென்றால் பெற்ற தகப்பன் முன்னால் நடந்து இடம் காட்ட வேண்டும். மகன் கோடரியும் சேவலுமாகப் பின்னால் போய் அன்றைக்கே குடிசை எழுப்ப வேண்டும். தகப்பன் இல்லாவிட்டால் சித்தப்பா காட்டலாம்தான். ஆனால் ஊர் அதைச் சொல்லிச் சொல்லியே மானத்தை வாங்கும்.

"அப்பாகிட்ட நோயைப் பத்தி மூச்சு விடக் கூடாது, அண்ணே" என்றாள் அப்போண்டி.

"அப்போ இடம் காட்டுற விஷயம்?"

"மழைக்கு முன்னாடி கட்டணும்னு சொல்லு. நீதான் பிறவியிலேயே அவசரக்குடுக்கையாச்சே, சந்தேகப்பட மாட்டாரு."

மறுநாள் சனிக்கிழமை. மதியம் அப்பா ஒக்கூமு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முப்பது வருடம் மொம்பாசாவுக்கும் உகாண்டாவுக்கும் லாரி ஓட்டியவர். அந்த உடம்பில் இப்போது சட்டை தனியாகத் தொங்கியது.

"அப்பா, இந்த வாரமே எனக்கு இடம் காட்டிடுங்க."

"ஏன்டா, பொண்டாட்டி அடிச்சுத் துரத்திட்டாளா?"

"மழை வரப்போகுதுப்பா."

"மழை வருஷா வருஷம் வருது. ஜனவரியில அறுப்பு முடியட்டும், பாக்கலாம்."

ஜனவரிக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. கூழ்க் கிண்ணத்தோடு வந்த அப்போண்டி பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். ஒக்கூமு மகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"டாக்டர் உளறிட்டானா? வாயை மூடிட்டு இருன்னு அவன்கிட்ட அவ்வளவு சொன்னேன்."

கிண்ணம் கீழே விழுந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றான் ஒச்சோலா.

"ஏப்ரல்லயே தெரியும்."

"அம்மாவுக்கு?"

"பல்வலின்னு சொல்லச் சொன்னதே அவதான்."

அடுக்களையில் கீரை நறுக்கும் சத்தம் நின்றது. அம்மா வெளியே வரவில்லை.

ஒச்சோலாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அஞ்சு மாசமா தெரிஞ்சுமா என்னை இழுத்தடிச்சீங்க? நான் எத்தனை தடவை கேட்டேன்! பெத்த பிள்ளைக்குச் செய்யிற காரியமாப்பா இது?"

"இல்லதான்" என்றார் ஒக்கூமு. "சுயநலம். வேற என்ன? நான் இடம் காட்டிட்டா அப்புறம் இந்த வேலிக்குள்ள ஒரு ராத்திரி நீ படுக்க முடியுமா? வரலாம், சாப்பிடலாம், ஆனா தூங்க உன் வீட்டுக்குத்தான் போகணும். முப்பது வருஷம் நான் ரோட்டோரத்துல தூங்கினவன். பிள்ளைங்க நீங்க தூங்கி நான் பாத்ததே இல்ல. இப்ப சனிக்கிழமையானா உன் குறட்டை கேக்குது. அதை இழக்க மனசு வரலடா."

 ஐந்து மாதமாக ஒச்சோலா ஒவ்வொரு சனிக்கிழமையும் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்து படுத்திருக்கிறான்.

"சரி, போதும். கோடரியைத் தீட்டி வை. விடிஞ்சதும் நடக்கிறேன்." ஒக்கூமு எழப் பார்த்தார். முழங்கால் மடங்கியது. பிள்ளைகள் இருவரும் பாய்ந்து பிடித்தார்கள்.

"வேணாம்ப்பா" என்றான் ஒச்சோலா.

"என்ன வேணாம்?"

"நீங்க இடம் காட்ட வேணாம். அப்புறமா சித்தப்பா காட்டட்டும்."

"ஊர் காறித் துப்பும்டா."

"துப்பட்டும்."

ஒக்கூமு மகனின் கையை விடவில்லை. அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை.

"அப்போ திங்கக்கிழமை வேலைக்குப் போகலையா?"

"போகலப்பா" என்றான். "இனிமே தினமும் இங்கதான் படுப்பேன். கதவைத் திறந்தே வைக்கிறேன்."