நான்கு நிமிடம்

மலையகத்தில், ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மூன்றாம் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கொழும்பில் உள்ள ஒரு தொலைபேசிக் கம்பனிக்கு வரும் தமிழ் அழைப்புகளுக்கு இருபத்திரண்டு பேர் அங்கிருந்து பதில் சொன்னார்கள். ஓர் அழைப்பை நான்கு நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும். காலையில் ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் மேசைகளுக்கு இடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பவரின் முகம் மங்கிப்போய்க் குரல் மட்டும் மிதந்து வரும்.

ஷாமிலா அவர்களுக்குப் பொறுப்பாளர். ஒரு வியாழக்கிழமை அவளுக்கு ஒரு பட்டியல் வந்தது. வேலையில் பின்தங்கிய ஆறு பேரை நிறுத்தப்போகிறார்கள். முதல் பெயர் பெற்றீசியா. அவளுக்கு ஓர் அழைப்புக்குப் பதினொரு நிமிடம்.

அது எப்படிப் பதினொன்று ஆனது என்று ஷாமிலாவுக்குத் தெரியும். வாசிக்கத் தெரியாதவர்கள், காது மந்தமானவர்கள், பேசும்போதே அழுதுவிடுபவர்கள் யார் அழைத்தாலும் மற்றவர்கள் அந்த அழைப்பைப் பெற்றீசியாவுக்குத் தள்ளிவிடுவார்கள். அதிகம் தள்ளியவள் ஷாமிலாதான்.

அவள் கொழும்புக்குப் பேசினாள். மேலதிகாரி சுமன் எடுத்தார்.

"சார், பெற்றீசியா அக்கா பேசின கோல் எல்லாம் எங்களுக்கு வந்தது. நாங்கதான் அவங்களுக்கு மாத்திவிட்டோம்."

"யாரு பேசி முடிச்சாங்கங்கிறதுதான் கம்ப்யூட்டர்ல இருக்கு ஷாமிலா."

"அப்ப என் பேரையும் போடுங்க சார்."

"நீங்க நல்லா வேலை செய்றவங்க. உங்களை எப்பிடிப் போடுறது?"

அன்று மாலை, டிக்கோயாவில் உள்ள தன் வீட்டுக்குப் போகவேண்டிய ஷாமிலா, பெற்றீசியாவோடு லிந்துலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினாள். வெளியே தேயிலைச் செடிகள் தோன்றித் தோன்றிக் கரைந்தன. பஸ் நின்றுகொண்டிருக்க, மலைகள்தான் நகர்வதுபோல் இருந்தது.

"அக்கா, ஒரு விஷயம்..."

"தெரியும். மத்தியானம் எனக்கும் மெயில் வந்திருச்சு."

"அந்தக் கோல்ல பாதி நான் அனுப்பினது."

"அதுவும் தெரியும். ஒவ்வொரு தடவையும் உங்க பேரு திரையில வரும்ல."

"ஏன் ஒண்ணுமே கேக்கல?"

பெற்றீசியா கண்ணாடியில் படிந்த ஈரத்தை விரலால் துடைத்தாள். "கேட்டா அனுப்பமாட்டீங்க. லைனைக் கட் பண்ணிருவீங்க. அவங்க யார்கிட்ட போய்க் கேப்பாங்க?" பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "ஆனா கோவம் இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ரெண்டு பிள்ளைங்க படிக்குதுங்க, ஷாமிலா."

லிந்துலையில் அவள் இறங்கினாள். நான்கு எட்டு வைப்பதற்குள் பனி அவளை மறைத்துவிட்டது.

திங்கட்கிழமை முதல் ஷாமிலா எந்த அழைப்பையும் யாருக்கும் தள்ளவில்லை. ஆறு மாதம் கழித்து வந்த அடுத்த பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை அவளுக்கு அது தெரியாது. அன்று முதலில் பேசியவர் வலப்பனையில் இருந்து பழனியாண்டி என்ற பெரியவர். தன் போனுக்கு மூன்று வாரமாக ஓர் அழைப்பும் வருவதில்லை என்று அடுத்த வீட்டுப் போனில் பேசினார். ஷாமிலா ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக்கொடுத்தாள். பத்தொன்பதாவது நிமிடத்தில் அவருடைய போன் மணியடித்தது.

"ஏம்மா, ஷார்ஜாவுல இருந்தா பேசுற?" என்றார் தன் போனில் யாரிடமோ. அடுத்த வீட்டுப் போனை எங்கோ வைத்துவிட்டார். அதை நிறுத்த மறந்துபோனார். திரையில் எண்கள் சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தன. தூரத்தில் அவர் சிரிப்பது கேட்டது. ஷாமிலா கண்ணை மூடிக்கொண்டு, லைனை வெட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.