புல்லைத் தாண்டாதவர்கள்

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய கார் வாசலில் நின்றதும் நடீன் முதலில் பார்த்தது பாத்திரங்களைத்தான். வெள்ளித்தாள் மூடிய கண்ணாடித் தட்டுகளும் அலுமினிய டிரேக்களும் கதவருகே இல்லை. புல்வெளி முடிந்து நடைபாதை தொடங்கும் இடத்தில், ஒன்றை ஒட்டி ஒன்றாக வெயிலில் உட்கார்ந்திருந்தன. சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வந்தவர்களில் ஒருவர்கூடப் புல்லில் கால் வைத்திருக்கவில்லை. ஒரு தட்டில் எறும்பு ஏறிவிட்டிருந்தது.

"பார்த்தீங்களா அண்ணி, இவங்க லட்சணத்தை?" காரை விட்டு இறங்கிக்கொண்டே கேட்டான் மெர்ல், அவள் கணவனின் தம்பி. "நாய்க்கு வைக்கிற மாதிரி ரோட்டோரத்துல வெச்சிட்டுப் போயிருக்காங்க. கதவு வரைக்கும் வந்தா கால் தேஞ்சிடுமா?"

நடீன் புல்வெளியைப் பார்த்தாள். அதன் நடுவே அவள் கணவர் ஹார்லன் நட்ட பலகை நின்றது. 'இதற்கு மேல் ஓர் அடி வைத்தால் சுடுவேன்' என்று கொட்டை எழுத்தில் அவர் கைப்பட எழுதியது. எழுதியவரை மண்ணுக்குள் வைத்துவிட்டு இப்போதுதான் வருகிறார்கள். பலகை மட்டும் விறைப்பாக நின்று காவல் காத்தது.

மெர்ல் ஒவ்வொரு பாத்திரமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். சுட்ட பன்றித்தொடை, சீஸ் போட்ட உருளைக்கிழங்கு, வெயிலில் உருகித் தண்ணீராகிவிட்ட ஜெல்லி. ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டிய பட்டையில் கொண்டு வந்தவரின் பெயர் இருந்தது. ஒரே ஒரு தட்டை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தான். எதிர்வீட்டு ஐடெல்லாவின் தட்டு. பீச் பழம் போட்டுச் சுட்ட இனிப்பு. "அவங்க ஜனங்க சமைச்சதை யாரு திங்கிறது," என்று முணுமுணுத்தான். ஐடெல்லா கறுப்பினப் பெண். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முன்பெல்லாம் தன் தோட்டத்துத் தக்காளியை நடீனின் சமையலறை வரைக்கும் கொண்டு வந்து கொடுப்பாள்.

முன்பெல்லாம் என்றால், போன கோடைக்கு முன்பு. அதுவரை ஹார்லன் கார்பெட் விற்கிற மனிதர், அவ்வளவுதான். அந்தக் கோடையில் போலீஸ்காரன் ஒருவன் ஒரு கறுப்பின இளைஞனைச் சுட்டுக் கொன்றான். நியாயம் கேட்டு மேயர் வீட்டுக்குப் போன ஊர்வலம் இந்தத் தெரு வழியாக வந்தது. கோஷம் கேட்டதும் ஹார்லன் நீளத் துப்பாக்கியோடு படியில் போய் நின்றார். "உள்ள என்னடி பண்றே? வெளிய வா, இதைப் பிடி!" என்று சின்னத் துப்பாக்கியை அவள் கையில் திணித்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் மஞ்சள் ரப்பர் கையுறையோடு வந்து நின்றாள். யாரோ படம் எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஊர் வாயை மூட முடியுமா? பாதிப் பேருக்கு அவள் வீராங்கனை, மீதிப் பேருக்கு மஞ்சள் கையுறைக்காரி. டிவியில் கோட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்து, வீட்டுக்காரனுக்கு எவ்வளவு பயம் வந்தால் துப்பாக்கி நீட்டலாம், எவ்வளவு வந்தால் சுடலாம் என்று மணிக்கணக்கில் வாதாடினார்கள். அன்றைக்கு ஊர்வலத்தில் வந்தவர்களில் ஒருவரும் புல்லை மிதிக்கவில்லை. ஒருவனின் தொப்பி காற்றில் பறந்து புல்லில் விழுந்தது, அதை எடுக்கக்கூட அவன் குனியவில்லை. அதை எந்த டிவியும் சொல்லவில்லை. துப்பாக்கி நீட்டியதற்காக இவர்கள் மேல் போட்ட வழக்கு தள்ளுபடியானது. கடையில் வியாபாரம் படுத்தது. மகன் பேசுவதை நிறுத்தினான், இன்றைக்குக்கூடப் பூ மட்டும்தான் அனுப்பியிருந்தான். ஹார்லன் கழிப்பறைக்குப் போனாலும் இடுப்பில் துப்பாக்கியோடு போனார்.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி, ஹார்லன் சேர்ந்திருந்த துப்பாக்கி கிளப்பின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கல்லறையில் வானத்தைப் பார்த்துச் சுட்டு மரியாதை செய்தவர்கள். வெடிச்சத்தம் கேட்ட ஒவ்வொரு தடவையும் நடீனின் உடம்பு தூக்கிப் போட்டதை அவர்கள் கவனிக்கவில்லை. இப்போது பன்றித்தொடையை வெட்டி வெட்டித் தின்றுகொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு டிவிக்காரங்க வர்றாங்க அண்ணி," என்றான் மெர்ல். "நீங்க ஒண்ணும் பேச வேணாம். பக்கத்துல உட்கார்ந்தா போதும், நான் பேசிக்கிறேன். அண்ணன் இங்க துடிச்சிட்டுக் கெடக்கறாரு, ஆம்புலன்ஸு தெருவுக்குள்ள வந்து, பார்த்துட்டு, ரிவர்ஸ் எடுத்துப் போய் மூலையில நிக்குது. ஏன்? இது யாரு வீடுன்னு தெரியும் அவளுக்கு. சாகட்டும்னு விட்டுட்டா."

"இந்த வீட்டு விலாசத்தை அவங்க கம்ப்யூட்டர்ல குறிச்சு வெச்சிருக்காங்களாம்," என்றார் கிளப்காரர் ஒருவர், மென்றுகொண்டே. "துப்பாக்கி வீடு, போலீஸ் வராம போகாதேன்னு."

"அவளுக்குன்னா, எவளுக்கு?" என்று கேட்டாள் நடீன்.

"அந்த ஆம்புலன்ஸ்காரிக்குத்தான். ரெனேட்டாவோ என்னவோ. பேரு, போட்டோ, வீடு எந்தத் தெரு, எல்லாம் முந்தாநாளே இன்டர்நெட்ல போட்டாச்சு. வேலை போகாம விடமாட்டேன்."

நடீன் எழுந்து சமையலறைக்குப் போனாள். தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள்.

மெர்லுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. சனிக்கிழமை காலை ஹார்லன் பலகையைச் சுற்றிக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் பேசிய பெண், அவர் கையெட்டும் தூரத்தில் ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டாள். யார் கேட்டாலும் இருக்கிறது என்று சொல்ல ஹார்லன் பழக்கியிருந்தார். "இருக்கு, இடுப்புல," என்றாள் நடீன். அதை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிவிடும்படி அந்தப் பெண் சொன்னாள். நடீன் உருவி எடுத்தாள். அதே நேரம் ஆம்புலன்ஸ் தெருவில் திரும்பியது. அடக் கடவுளே வந்துட்டாங்க என்று வாசலுக்கு ஓடினாள். வாங்க வாங்க என்று கத்தி இரண்டு கையையும் வீசினாள். வண்டி நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம் கறுப்பினப் பெண்ணின் முகம். பிறகு வண்டி பின்னால் போனது. போகப் போக இவள் இன்னும் பலமாக வீசினாள்.

போலீஸ் வந்து, "கீழ போடு!" என்று கத்தியபோதுதான் தன் கையைப் பார்த்தாள். புல்லில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். படுத்தாள். மூக்கில் வெட்டிய புல்லின் வாசனை. கண்ணெதிரே ஹார்லனுடைய பூட்ஸின் அடிப்பாகம், அதில் ஒட்டிய ஈர மண். கொஞ்ச நேரம் அந்தக் கால் அசைந்துகொண்டிருந்தது. பிறகு அசையவில்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. 

தண்ணீரை மூடிவிட்டு நிமிர்ந்தபோது, ஜன்னல் வழியாக, நடைபாதையில் யாரோ நிற்பது தெரிந்தது. ஐடெல்லாவின் தட்டுக்குப் பக்கத்தில், செருப்பின் நுனிகூடப் புல்லில் படாமல் ஒரு பெண். சீருடை இல்லை. ஆனால் அந்த முகத்தை நடீன் செத்தாலும் மறக்க மாட்டாள். பின்கதவு வழியாக வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

நடைபாதையில் நின்றவள் சட்டென்று இரண்டு உள்ளங்கைகளையும் காட்டினாள்.

"சண்டைக்கு வரலம்மா. போலீஸ் வந்தப்புறம் அய்யாவை ஏத்தினோம்ல, அவரோட மூக்குக்கண்ணாடி வண்டியில கெடந்துச்சு. குடுத்துட்டுப் போலாம்னு." கண்ணாடி வைக்கும் சின்னக் கறுப்புக் கூட்டைக் குனிந்து புல்லின் ஓரத்தில் வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் போனாள்.

நடீன் அதை எடுத்தாள். "தபால்லயே அனுப்பியிருக்கலாமே. இதுக்காகவா வந்தே?"

"இல்ல." அந்தப் பெண் தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "என் பேரை எடுக்கச் சொல்லுங்கம்மா. ரெண்டு நாளா எங்க வாசல்ல ஒரு காரு வந்து நிக்குது. யாருன்னு தெரியல, எறங்குறதும் இல்ல. எங்கம்மா ஜன்னல் பக்கமே வரமாட்டேங்குறாங்க. போன்ல கேக்குற பேச்சு காது குடுத்துக் கேக்க முடியல."

நடீன் கண்ணாடிக்கூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சட்டப்படி பார்த்தா நாங்க மூலையிலேயே நின்னிருக்கணும்மா," என்றாள் ரெனேட்டா. "விலாசத்தைப் பார்த்ததும் டிரைவர் நிறுத்திட்டாரு. நான்தான் சொன்னேன், ஒரு மனுசன் கீழ கெடக்கறாரு, போலாம்னு. அப்புறம்தான் நீங்க ஓடி வந்தீங்க. உங்க கையில..."

"தெரியும்."

"எனக்கு ரொம்பப் பயமாயிடுச்சும்மா."

 கேட்கக் கூடாது என்று இருந்தது நடீனுக்கு, கேட்டுவிட்டாள். "நீங்க நேரா வந்திருந்தா பொழைச்சிருப்பாரா?"

"பொய் சொல்ல மாட்டேன். தெரியல. அந்த மாதிரி விழுந்தவங்க சில பேரு பொழைச்சிருக்காங்க." பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நானும் ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேம்மா. துப்பாக்கி. எங்கம்மா வேண்டாங்குறாங்க. ஆனா அந்தக் காரு தெனமும் வருது."

முன்கதவு படாரென்று திறந்தது. மெர்ல் படியில் நின்றான். ஒரு கை இடுப்புக்குப் போயிருந்தது. பின்னால் கிளப் ஆட்கள், ஒருவர் வாயில் இன்னும் கறி.

"யாரு அண்ணி அது? ஏய், அவதானே நீ? அங்கேயே நில்லு. புல்லுல காலை வெச்சே..."

"வைக்கலைங்க," என்றாள் ரெனேட்டா. மறுபடியும் அவள் கைகள் தானாக மேலே போயின.

"மெர்ல், கையை எடு," என்றாள் நடீன். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "துப்பாக்கி என் கையில இருந்தது. உங்கண்ணன் இடுப்புலேர்ந்து எடுத்தேன். உள்ள வைக்கச் சொன்னாங்க, வைக்கல. அதை வெச்சுக்கிட்டே இந்தப் பொண்ணு வந்த வண்டியைப் பார்த்து ஓடினேன். அவ வரத்தான் வந்தா. நான்தான் விரட்டினேன்."

தெருவில் யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். மெர்ல் படியிறங்கி வந்து அவள் தோளைத் தொட்டான். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"அண்ணி, உங்களுக்குத் தூக்கமில்ல. என்னமோ சொல்றீங்க."

"உங்கண்ணனை நான் கொன்னிருக்கேன்டா."

"சரி, கையில இருந்துச்சுன்னே வெச்சுக்குவோம்." அவன் குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான். "யாரு புல்லு? உங்க புல்லு. யாரு துப்பாக்கி? உங்க துப்பாக்கி. சுட்டீங்களா? இல்லை. சட்டப்படி இதுல உங்க மேல என்ன தப்பு? ஒண்ணும் கெடையாது. உங்க உரிமை அது. பயந்துக்கிட்டு ஓடினது அவ தப்பு."

"நூத்துக்கு நூறு," என்றார் வாயில் கறியோடு நின்றவர்.

யாராவது ஒருத்தர் தன்னை வாய்க்கு வந்தபடி திட்டினால் தேவலை என்றிருந்தது நடீனுக்கு. பாவி, உன்னால்தான் போனான் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

"வெளிய மட்டும் இதைச் சொல்லிடாதீங்க," என்றான் மெர்ல். "நாளைக்கு நான் பேசிக்கிறேன்."

ரெனேட்டா நடீனைப் பார்த்தாள். "அவரு டிவியில இதைச் சொல்லப் போறதில்லல்ல?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பி நடந்தாள். தெருக்கோடியில் நிறுத்தியிருந்த தன் காருக்குள் ஏறுமுன் பின்சீட்டைக் குனிந்து பார்த்துவிட்டு ஏறினாள்.

"உள்ள வாங்க அண்ணி, வெயிலு," என்று சொல்லிவிட்டு மெர்ல் படியேறினான். கிளப் ஆட்கள் ஏற்கெனவே மேசைக்குத் திரும்பியிருந்தார்கள்.

நடீன் எதிர்வீட்டைப் பார்த்தாள். சனிக்கிழமை காலை இவள் புல்லில் குப்புறக் கிடந்தபோது ஐடெல்லா அந்த ஜன்னலில் நின்றிருந்தாள். தொடக்கத்திலிருந்தே நின்றிருப்பாள். எல்லாவற்றையும் பார்த்திருப்பாள். இவள் சொன்னால் தூக்கமில்லை, அதிர்ச்சி என்று மெர்ல் மூடிவிடுவான். ஐடெல்லா சொன்னால் மூட முடியாது. சொல்லச் சொல்லி இவள்தான் கேட்க வேண்டும். ஒரு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவளிடம், தனக்கு எதிராகச் சாட்சி சொல்லு என்று கேட்க வேண்டும்.

பீச் பழத் தட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். எதிர் ஜன்னலில் திரைச்சீலை லேசாக அசைந்தது. நடீன் நின்று கீழே பார்த்தாள். கையில் ஹார்லனின் கண்ணாடிக்கூடு. கறுப்பாக, ஒரு பிடிக்கு அடங்குகிற அளவில். அங்கிருந்து பார்க்கிறவளுக்கு இது என்னவாகத் தெரியும்?

திரும்பிப் போய் அதை ஐடெல்லாவின் தட்டு மேல் வைத்தாள். "அண்ணி, எங்க போறீங்க? அண்ணி!" என்று உள்ளேயிருந்து மெர்லின் குரல் கேட்டது. அவள் இரண்டு கைகளையும் விரித்து, உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை ஜன்னலுக்குத் தெரியும்படி தெருவைக் கடந்தாள். ஐடெல்லாவின் புல்வெளி வந்தது. அதில் பலகை எதுவும் இல்லை. ஆனாலும் நடீன் ஓரத்திலேயே நின்றாள், கையை இறக்காமல், கதவு திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.