நல்லாங்குளம் தொகுதியின் கடைசிப் பெயர்

நல்லாங்குளம் என்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. ஒருவர் பின் ஒருவராக நாலு பேர் அதன் சார்பில் சென்னைக்குப் போய் வந்தார்கள். பிறகு தொகுதி மறுசீரமைப்பு என்று வந்து, அதைப் பிய்த்து அக்கம்பக்கத்துத் தொகுதிகளோடு ஒட்டிவிட்டார்கள். கடைசி உறுப்பினரான அமலராணி மட்டும், திண்டுக்கல்லில் மகன் ஸ்டான்லியின் மாடி வீட்டில் மிச்சமிருந்தார்.

பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு அவர் படி இறங்கவே இல்லை. படி குறுகல், செங்குத்து. கீழே சௌகத் அலியின் பிரியாணிக் கடை. மதியமானால் தம் உடைக்கிற வாசனை மேலே வரும்; மனிதர்கள்தான் வருவதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். அவ்வளவுதான் உலகம்.

"ஒரு நாள் கீழ கூட்டிட்டுப் போடா."

"விழுந்து வச்சீங்கன்னா என்னம்மா பண்றது? சும்மா இருங்க."

மகன் அன்பால்தான் சொன்னான். அன்பும் வெளியிலிருந்து பூட்டுப் போடும் என்பதை அமலராணி அந்த அறையில்தான் தெரிந்துகொண்டார். ஜெபமாலை உருட்டும்போது, "ஆண்டவரே, இன்னும் எதுக்கு என்னைய வச்சிருக்கீரு?" என்று கேட்பார்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செவ்வந்தி என்ற இளம்பெண் படியேறி வந்தாள். இடுப்பில் மூன்றரை வயதுப் பெண் குழந்தை.

"எம்.எல்.ஏ.ம்மா, ஊரணிப்பட்டியில இருந்து வாரேன். பாப்பாவுக்குப் பேர் வைக்கணும்."

தன் பழைய தொகுதி ஊரான ஊரணிப்பட்டியின் வழக்கம் அமலராணிக்குத் தெரியும். முதல் உறுப்பினர் ஜெயித்து நன்றி சொல்ல வந்த அன்று ஒரு தலைப்பிள்ளைக்குப் பெயர் வைத்தார். மறுநாளே மழை கொட்டியது. அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு தலைப்பிள்ளைக்குத் தொகுதி உறுப்பினர்தான் பெயர் வைக்க வேண்டும். முதலாமவர் சுதந்திரம், விடுதலை என்று வைத்தார். இரண்டாமவருக்குத் தன் கட்சித் தலைவர் பெயரை விட்டால் வேறு பெயரே தெரியாது. தெருவில் ஒருவனைக் கூப்பிட்டால் ஏழு பேர் திரும்பினார்கள். மூன்றாமவர் காரை விட்டு இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கிப் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். அமலராணி குழந்தையை மடியில் வாங்கி, செத்த நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"இப்ப உங்க ஊருக்கு ரெண்டு எம்.எல்.ஏ. இருக்காகளேம்மா."

"அதான் கூத்தே. ரோட்டுக்கு வடக்க ஒரு தொகுதி, தெக்க ஒரு தொகுதி. இவ பிறந்தது வடக்க, எங்கப்பா வீட்டுல. நான் வாக்கப்பட்டது தெக்க. எங்க ஆளுதான் வைக்கணும்னு எங்கப்பா. எங்க வீட்டுப் பிள்ளைக்கு அந்தாளு யாருன்னு மாமியா. மூணு வருசமா இவ பாப்பாதான். பிறப்புச் சான்றிதழ்ல பேரே இல்ல. பேரோட வாங்கன்னு பள்ளிக்கூடத்துல திருப்பி அனுப்பிட்டாக. நான் எந்தப் பக்கம் போனாலும் மறுபக்கம் கதவ அடைச்சிரும்."

"நான் இப்ப எந்தத் தொகுதியும் இல்லையே தாயி."

"அதனாலதான் வந்தேன். நீங்க வடக்கயும் இல்ல, தெக்கயும் இல்ல. ஆனா ஊருக்கு வந்து எல்லாரு முன்னாடியும் வைக்கணும். இங்க வச்சா செல்லாதும்பாக."

அமலராணி வாசலுக்கு அப்பால் இருந்த படியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நீ ஒரு பேர் நெனச்சு வச்சிருப்பியே?"

செவ்வந்தி குழந்தையின் தலையைத் தடவினாள். "தூங்க வைக்கயில காதுல சொல்லுவேன். தமிழ்நிலான்னு. வீட்டுல தெரிஞ்சா வழக்கத்த மீறிட்டேன்னு கொன்னே போடுவாக."

ஸ்டான்லி ஒரேயடியாக மறுத்தான். சத்தம் கேட்டு மேலே வந்த சௌகத் அலி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, தினமும் கொதிக்கிற அண்டாவ இறக்குறவய்ங்க எங்க பயலுக. உங்கம்மா அதுல பாதி இருக்க மாட்டாக. சூடும் கம்மி."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கடைப் பையன்கள் அதன் மூன்று கால்களைப் பிடித்தார்கள். நான்காவது காலுக்கு ஸ்டான்லியே வந்து குனிந்தான். இறங்கும்போது சுவர் இரண்டு பக்கமும் உரசியது. அமலராணி கண்ணை மூடிக்கொண்டு அருள்நிறை மரியே ஜெபம் சொன்னார்.

ஊரணிக் கரையில் வடக்குத் தெரு ஒரு பக்கம், தெற்குத் தெரு ஒரு பக்கம் நின்றது. செவ்வந்தியின் மாமியார் மாயம்மாள் இடுப்பில் கை வைத்திருந்தாள்.

"தொகுதியே இல்லாத எம்.எல்.ஏ.வாம். பேரு மட்டும் ஒட்டுமாக்கும்?"

"ஆமா மாயம்மா, எனக்குத் தொகுதி இல்ல. ஓட்டும் கேக்க மாட்டேன். மடி மட்டும்தான் இருக்கு. பிள்ளையக் குடு."

மாயம்மாள் மருமகளிடமிருந்து குழந்தையை வாங்கி அவர் மடியில் உட்கார வைத்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. இருட்டுவதற்குள் மறுபடி அந்த அறைக்குத்தான் போக வேண்டும் என்பது அமலராணிக்குத் தெரியும். இருந்தும் அவர் அவசரப்படவில்லை. குழந்தை ஆடுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"தமிழ்நிலா" என்றார், ஊருக்கே கேட்கும்படி.

குழந்தை வெடுக்கென்று திரும்பி, "என்னம்மா?" என்று தாயைப் பார்த்தது.

ஊர் சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது என்றார்கள் இரண்டு பக்கமும். மாயம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. இப்போதுதான் வைத்த பெயருக்கு எந்தப் பிள்ளை இப்படித் திரும்பும்? அவள் மருமகளைப் பார்த்தாள். செவ்வந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். மாயம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் கலைந்துவிடும்.

மனிதருக்குக் கடவுள் கொடுக்கிற வாய்ப்புகளில் வாயை மூடிக்கொள்வதும் ஒன்று.

"சூட்டிகையான பிள்ளை. சட்டுனு பிடிச்சுக்கிட்டா" என்றாள் மாயம்மாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "என்ன நிக்கிற? தமிழ்நிலாவத் தூக்கு. எம்.எல்.ஏ.ம்மாவுக்குக் காலு மரத்திருக்கும்" என்றாள்.