செவப்பிக்கு வந்த புல்

லோக்கல் ரயில் ஊதியதும் செவப்பி விழுந்தாள். கழுத்து நடுங்கியது, முன்னங்கால்கள் விறைத்தன, சாணத்தின் மேலேயே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். ரயில் போபோடி ஸ்டேஷனைக் கடந்து சத்தம் அடங்கியதும் எதுவும் நடக்காததுபோல எழுந்து நின்றாள். கனகவல்லி பால் சொம்பை வைத்துவிட்டு மாட்டின் நெற்றியைத் தடவினாள். சூடு இல்லை. மாட்டு டாக்டர் சத்துக் குறைவு என்று ஊசி போட்டுப் போயிருந்தார்.

சத்து எப்படிக் குறையும்? மார்கழி தொடங்கியதிலிருந்து செவப்பி தின்பது கோல்ஃப் மைதானத்துப் புல். கனகவல்லியின் கணவன் அருணாச்சலம் பக்கத்துக் கட்கியில் அந்த மைதானத்தில்தான் வேலை செய்கிறான். குளிர்காலத்துக்கென்று தூவிய வெளிநாட்டு விதை; வெட்ட வெட்டத் தழைத்தது. வெட்டியதைச் சாக்கில் கட்டி சைக்கிளில் கொண்டுவருவான். அதற்கு முன்னால் மாட்டை அவன் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. நகரத்தின் மறுகோடியில், வானவடியில் ஒரு அபார்ட்மெண்டில் அவனுக்கு வாட்ச்மேன் வேலை வந்திருந்தது, தங்க அறையும் உண்டு. மாட்டை விற்றால்தான் போகமுடியும். தீபாவளியிலிருந்து அதே சண்டை. பிழைக்க வந்த இந்த வடக்கத்தி ஊரில் தன்னுடையது என்று அவளுக்கு இருந்தது செவப்பி மட்டும்தான், அவள் மசியவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அவனே புல்லோடு வந்தான். தன் கையாலேயே ஊட்டினான். அன்று அவனுக்கு அவள் முட்டை பொரித்துப் போட்டாள்.

இப்போது சாக்கிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தாள். ஓர் இலையில்கூடப் பூச்சி கடித்த தடம் இல்லை. மருந்து அடிக்கிறார்களோ? கேட்டுவிடலாம் என்று மைதானத்துக்கு நடந்தாள். அங்கே வேலை செய்யும் பக்கத்துச் சந்து பாத்திமா கேட் அருகே பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"மருந்தா? ஒரு சொட்டு கெடையாதுக்கா. புல்லுக்குள்ளயே ஒரு பூஞ்சை கீதாம். வெதயோடயே வருதாம். அதான் பூச்சி வாய் வெக்காது, வெயில் அடிச்சாலும் புல்லு தாங்கும். மாடு தின்னாதான் தல ஆடும், காலு பின்னும்னு வெத குடுத்த சாப் மொத நாளே சொல்லிட்டாரே."

"யார்கிட்ட சொன்னாரு?"

"எல்லார்கிட்டயும்தான். அவுரு இங்கிலீஷ்ல பேசுனாரு. எங்களுக்கு இந்தில எடுத்துச் சொன்னதே உன் வூட்டுக்காரருதான்." பாத்திமா துடைப்பத்தை நிறுத்தினாள். "இன்னாக்கா, மூஞ்சி ஏன் இப்புடிப் போவுது?"

கனகவல்லி மைதானத்தைப் பார்த்தாள். கம்பிவேலிக்கு அப்பால் புல் வெறும் புல்லாகத்தான் தெரிந்தது. உள்ளே ஒன்று குடியிருப்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. செவப்பி முதல்முறை விழுந்த அன்று அருணாச்சலம் அவள் தோளில் கை வைத்து, "வித்துடலாம் கனகா, பாவம் கஷ்டப்படுது" என்றான். அவன் குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை என்று இப்போதும் அவளுக்குத் தோன்றியது. அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டது. அவன் சாக்கை இறக்கி அவிழ்த்தான். ஈரப் புல்லின் வாசனை சந்தெல்லாம் பரவியது. மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி அவள் நின்றாள்.

"பாத்திமாவப் பாத்தேன்."

அவன் நிமிரவில்லை.

"இன்னிக்கும் நீயே குடுயா. உன் கையால தின்னாதான் அதுக்குப் பிடிக்குது."

ஒரு பிடிப் புல் அவன் கையில் இருந்தது. தூரத்தில் லோக்கல் ஊதியது. செவப்பி நடுங்கும் கழுத்தை நீட்டி, அந்தக் கையை நோக்கி நாக்கைச் சுழற்றினாள்.