பெரணிக்கு வெயில் ஆகாது

ரயில்வே பட்டறைச் சங்கு காலை ஏழு மணிக்கு ஊதியபோது, இராமலிங்கமும் இன்னும் மூன்று பேரும் தம்புசாமியின் உடலைத் தாழ்வாரத்திலிருந்து உள்ளே தூக்கிக்கொண்டிருந்தார்கள். நேராகத் தூக்க இடமில்லை. ஒருக்களித்துத் தூக்கினார்கள்.

"கால ஒசத்துய்யா. செம்பருத்தில படுது."

"படட்டுமே. ஆளே போயிட்டாரு."

"எந்திரிச்சுத் திட்டுவாருய்யா."

சீதாலெட்சுமி கதவருகே நின்றாள். அவள் கணவரின் கையில் ஈரத் துணி அப்படியே இருந்தது. விடிந்ததும் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து இலை துடைத்தவர், ஓர் இலை பாதியில் இருக்கும்போது சுவரில் சாய்ந்துவிட்டார். அவள் காப்பியோடு வந்து, தூங்குகிறார் என்று நினைத்து, இரண்டு தரம் திட்டியும் இருந்தாள்.

மலாய் நாட்டுச் செந்தூல் ரயில்வே கோட்டர்ஸில் அந்த வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் நாலடி அகலத் தாழ்வாரம். தாழ்வாரத்தில் அறுபத்திரண்டு செடிகள். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய சிலிப்பர் கட்டைகளைத் தம்புசாமி மூன்று படிகளாக அடுக்கியிருந்தார். வெயில் கேட்கும் குரோட்டனும் செம்பருத்தியும் வெளிப்படியில். அவற்றின் நிழலில் வண்ணச் சேம்பு. சுவரோரம் பிகோனியா. உத்தரத்தில் தேங்காய் மட்டையில் தொங்கும் பெரணிகள். பெரியது சின்னதன் வெளிச்சத்தை மறைக்கக் கூடாது. அது மட்டும்தான் அவர் சட்டம். மிச்சம் ஒன்றரை அடி மனிதர்களுக்கு. அதில் இருபது வருஷம் பக்கவாட்டில் நடந்தவள் சீதாலெட்சுமி. நடக்கும்போதெல்லாம் திட்டினாள்.

பத்து மணி ரயிலில் கிள்ளானிலிருந்து மகள் ராஜம்மாவும் மருமகன் பழனியப்பனும் வந்தார்கள். ராஜம்மா அழுது ஓய்ந்தபின், பழனியப்பன் மாமியாரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"மாசக் கடைசில கோட்டர்ஸ காலி பண்ணணுமாம், அத்தே. நீங்க எங்களோட வந்துருங்க."

"ம்."

"இந்தச் செடிங்கள மட்டும் இங்கயே யாருக்காச்சும் குடுத்துருவோம். எங்களுது கடைக்கு மேல ஒரே ரூம்பு. கால நீட்டினா செவுரு."

"குடுங்க. எனக்கென்ன? சனியன் விட்டுச்சு."

அவன் நிம்மதியாக எழுந்து போனான். அவள் தாழ்வாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அடுப்பு மூட்டாத வீட்டில் அரிசி கழுவுவதில்லை. தம்புசாமி தினமும் அரிசி கழுவின தண்ணீரைத்தான் செடிகளுக்குக் கொடுப்பார் என்று அந்த வரிசை முழுக்கத் தெரியும். பக்கத்து வீட்டு மாரியாயி முதலில் வந்தாள். சாப்பாட்டோடு ஒரு தகரம் அரிசித் தண்ணீரும் கொண்டுவந்து, யாரும் பார்க்காதபோது ஊற்றினாள். அடுத்த வீட்டுக்காரியும் ஊற்றினாள். அதற்கடுத்தவளும். ஒருத்தி ஊற்றியது மற்றவளுக்குத் தெரியாது. மதியத்துக்குள் ஏழு வீட்டுத் தண்ணீர்.

சட்டிகள் மிதந்தன. பெரணிகளிலிருந்து சொட்டிய தண்ணீர் சாவு மேளம் அடிக்க வந்து கீழே உட்கார்ந்திருந்த தப்புக்காரரின் தப்பில் விழுந்தது. அவர் அடித்தார். 'தொப்' என்றது.

"என்னங்கம்மா, உங்க வீட்டுக்காரரு என் தப்புலயும் செடி வெக்கப் பாக்கறாரு?"

நனைந்த தோலைத் தீயில் காய்ச்ச அவர் வைக்கோல் தேடிப் போனார். மாரியாயி ஒப்பாரியை எடுத்தாள்.

"என் ராசாவே, இருந்த எடம் வெறுமையாச்சே... ஏண்டி, அந்தச் சேம்பு சாயுது பாரு, புடி... வெறுமையாச்சே..."

"எத்தன பேருடி ஊத்துனீங்க?" என்றாள் சீதாலெட்சுமி.

ஏழு பெண்களும் மாராப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சட்டிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துத் தண்ணீரை வடித்தார்கள்.

மூன்று மணிக்குப் பாடை தயார். அகலம் இரண்டரை அடி. இராமலிங்கம் கயிற்றால் அளந்து பார்த்தார். தம்புசாமியோடு பட்டறையில் இருபது வருஷம் வேலை செய்தவர்.

"எல்லாத்தையும் எறக்கணும்."

"எங்க வெக்கறது?" என்றான் பழனியப்பன்.

வெளியே ராத்திரி மழையின் சேறு. சேற்றில் மாரியாயியின் ஆடுகள் நான்கு, காலையிலிருந்து தாழ்வாரத்தையே பார்த்தபடி.

"கீழ வெக்காத. ஆளுக்கு ஒண்ணு கையில புடி," என்றார் இராமலிங்கம்.

பட்டறை ஆட்கள் வரிசையாக நின்று சட்டிகளைக் கை மாற்றினார்கள். சிலர் கையில் இரண்டு. பழனியப்பனிடம் ஒரு பிகோனியா வந்தது. அதை, நனைத்துவிட்ட குழந்தையைப் போலத் தூரத்தில் நீட்டிப் பிடித்தான். இரண்டு பக்கமும் செடிகள் நிற்க, நடுவில் பாடை வெளியே வந்தது.

"குடுத்து வெச்ச மனுசன்யா," என்றது ஒரு குரல்.

தப்பு முழங்கியது. கொள்ளிச் சட்டியோடு தம்புசாமியின் அண்ணன் மகன் விஜயன் முன்னால் நடந்தான். பாடை நகர்ந்தது. செடி பிடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதற்கப்புறம் என்ன என்று யாரும் யோசித்திருக்கவில்லை. திருப்பி அடுக்க அரை மணி ஆகும். ஆடுகள் ஓரடி முன்னால் வந்தன.

"நடங்கய்யா," என்றார் இராமலிங்கம்.

நடந்தார்கள். செந்தூல் சாலையில் பாடை, அதன் பின்னால் குரோட்டன், செம்பருத்தி, சேம்பு. எதிரே வந்த மலாய்க்காரர் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி மரியாதையாக ஓரம் நின்றார். தமிழர்களின் வழக்கம் இதுதான் என்று நினைத்திருப்பார்.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. வாசலில் நின்றிருந்த சீதாலெட்சுமியின் கண்ணில் இராமலிங்கத்தின் கையிலிருந்த பெரணி மட்டை பட்டது.

"இராமலிங்கண்ணே! பெரணிக்கு வெயில் ஆகாது! எல வெந்துரும்!"

தப்பு நின்றது. பாடை தூக்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இராமலிங்கம் கக்கத்திலிருந்த கறுப்புக் குடையை விரித்துப் பெரணிக்கு மேலே பிடித்தார். அவருடைய வழுக்கை வெயிலில் பளபளத்தது.

மாரியாயி வாயைப் பொத்தினாள். பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. ராஜம்மா அழுகையின் நடுவே சிரித்தாள். சீதாலெட்சுமி படியில் உட்கார்ந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தரை மணிக்கு ஆண்கள் திரும்பினார்கள். ஆற்றில் குளித்த ஈரம் எல்லார் மேலும். மாரியாயி வாசலை மறித்தாள்.

"சுடுகாட்டுக்குப் போனத வீட்டுக்குள்ள விடலாமா?"

"நாங்க குளிச்சோம். அதுங்களையும் முக்கி எடுத்தாச்சு," என்றார் இராமலிங்கம்.

"ஐயோ, இன்னிக்கு அதுங்களுக்கு எத்தன குளியல்!"

அவள் வழி விட்டாள். ஆட்கள் கைக்கு வந்த இடத்தில் சட்டிகளை வைக்க ஆரம்பித்தார்கள்.

"அது அங்க இல்ல," என்றாள் சீதாலெட்சுமி.

எழுந்து வந்தாள்.

"குரோட்டன் வெளிப்படி. அது இல்ல, மஞ்சப் புள்ளி போட்டது. சேம்ப அதுக்குப் பின்னால. இன்னும் பின்னால. அந்தப் பெரிசு ஏன் முன்னால நிக்குது? சின்னதுக்கு வெளிச்சம் வேணாமா?"

அறுபத்தோரு செடிகளும் அதனதன் இடத்துக்குப் போயின. அவள் ஒருமுறைகூட யோசித்து நிற்கவில்லை. கடைசியாகப் பழனியப்பன் வந்தான். பிகோனியாச் சட்டியைத் தன் துண்டால் சுற்றி மார்போடு அணைத்திருந்தான்.

"ஒரு எல ஒடைஞ்சிருச்சு, அத்தே. நான் இல்ல. விஜயன்தான் இடிச்சான்."

"ஒடைஞ்ச எல எங்க?"

சட்டைப் பையிலிருந்து பத்திரமாக எடுத்துக் கொடுத்தான். அவள் அதை வாங்கி, காம்பைச் சட்டி மண்ணில் குத்தி, விரலால் சுற்றிலும் அழுத்தினாள்.

"வேர் விட்ரும்."

"எலயிலயா?"

"எலயிலதான்."

அவன் குனிந்து பார்த்தான். சட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை. அவள் புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"மாப்ளே, உங்க ரூம்பு ஜன்னல்ல காலை வெயில் அடிக்குமா, சாயந்தர வெயிலா?"