மந்திரம் கேட்ட தண்ணீர்

குரோம்பேட்டை கல்யாண மண்டபத்தில் ஸ்ரீரங்கன் சார் பேசப் பேச அருள்மேரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இயற்பியலில் அவர் பெயர் வெளிநாடு வரை பிரசித்தம். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் அவரிடம் ஆராய்ச்சி செய்து, அங்கேயே விரிவுரையாளராகவும் சேர்ந்தவள் அவள். தொண்ணூற்று நாலில் அவர் ஓய்வு பெற்றதும் கையிலெடுத்துக்கொண்டது, மந்திரத்துக்கு விஞ்ஞான நிரூபணம்.

மேடையில் ஒரு செம்பில் தண்ணீர். அதற்குள் இரண்டு கம்பிகள், பக்கத்தில் மீட்டர். டேப் ரெக்கார்டரில் மந்திரம் ஓடியதும் மீட்டர் முள் துள்ளியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"தண்ணி மந்திரத்தைக் கேக்கறது! காலேஜ் லேப்லயே பார்த்தோம். அதோ, அருள்மேரியும் கூட இருந்தா" என்றார் சார்.

இருந்தாள்தான். முள் ஏன் துள்ளியது என்பதையும் இருவரும் சேர்ந்தேதான் கண்டுபிடித்தார்கள். மீட்டரும் டேப்பும் ஒரே பிளக்கில் இருந்தன. டேப் ஓடினால் மீட்டருக்குப் போகிற கரண்ட் ஆடியது. டேப்பை பேட்டரியில் போட்டதும் முள் அசையவில்லை. அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்த மனுஷன்தான் இவர்.

அவள் எழுந்து நின்றாள். "சார், டேப்பை பேட்டரில போட்டுக் காட்டுங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "இன்னாம்மா, நீ எந்த சர்ச்சு?"

மண்டபமே சிரித்தது. 'அவ என் ஸ்டூடண்ட்' என்று சார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவரோ செம்பை எடுத்துத் தீர்த்தம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

வாசலில் அவளைத் தேடி வந்தார். "கோவிச்சுக்காதேம்மா. முள் எதனால ஆடறதுன்னு நமக்குத் தெரியுமே."

"தெரிஞ்சேவா செய்யறீங்க?"

"கிளாஸ்ல நான் பேசினா எத்தனை பேர் கேட்டா? இங்க பாரு, எவ்வளவு கூட்டம்!"

"எந்த சர்ச்சுன்னு அந்தாள் கேட்டப்போ உங்க வாயில என்ன சார் இருந்தது?"

அவர் உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் மண்டபத்தில் நடந்ததைச் சொல்லி, அதே சோதனையைச் செய்து காட்டினாள். சினிமாப் பாட்டுக்கும் முள் துள்ளியது. பேட்டரியில் போட்டதும் செத்துக் கிடந்தது.

"அப்ப சார் தெரியாம சொல்லிட்டாரா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"இல்லை. பொய். நல்லாத் தெரிஞ்சே சொன்ன பொய்."

மத்தியானமே முதல்வர் கூப்பிட்டனுப்பினார். "பெரிய மனுஷர். அவர் பேரை வகுப்புல இழுக்காதீங்க."

"அவர் என் பேரை மேடையில இழுத்தாரே சார்? நான் பேசத்தான் செய்வேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நேரே லேபுக்குப் போய், அடுத்த வகுப்புக்காக டேப்பையும் மீட்டரையும் மறுபடி ஒரே பிளக்கில் மாட்டினாள்.